கொட்டாய்க்கு வந்த வண்டி

பாஞ்சாலியின் தோட்டத்தில் பாதி குண்டுமல்லி, பாதி சாமந்தி. விடிவதற்குள் பென்னாகரம் பூக்கடைகளுக்குப் போய்ச் சேரும் கூடைகளில் நாலைந்தாவது அவள் கையால் பறித்ததாக இருக்கும். ஊரார் தலையெல்லாம் மணக்கவைத்த அந்தப் புண்ணியவதியின் தலையில் மட்டும் நாலரை வருஷமாக ஒரு இதழ்கூட ஏறவில்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் விவரம் தெரியாத பெண்கள் அவள் வெறுங்கொண்டையைப் பார்த்து, "அய்யோ பாவம், இந்த வயசுலயேவா" என்று உச்சுக்கொட்டுவார்கள். பக்கத்திலேயே மலைபோல நின்றுகொண்டிருக்கும் அவள் புருஷன் சென்னப்பனுக்கு அது காதில் விழும். உடனே இருமுவான், செருமுவான், "ஏ பாஞ்சாலி!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டுத் தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை நிரூபித்துவிட்டுத்தான் ஓய்வான்.

எல்லாம் வாய் செய்த வேலை. மொரசனஅள்ளி பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியதும், தான் நிற்கலாம் என்று தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையோடு சென்னப்பன் மனைவியை நிறுத்தினான். ஓட்டுக் கேட்டு மாதையன் கொட்டாய்க்குப் போனார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தருமபுரிப் பக்கம் கொட்டாய் என்றால் மாடு கட்டுகிற இடமில்லை, சினிமா காட்டுகிற இடமுமில்லை. எந்தக் காலத்திலோ ஒரு மாதையன் காட்டைத் திருத்தி, அங்கேயே கூரை போட்டுத் தங்கி, பிள்ளைகுட்டி பெருகி, இன்றைக்கு அறுபது குடும்பம் வாழ்கிற ஊர் அது. இந்த மாவட்டத்தில் கால் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கொட்டாயில்தான் விழவேண்டும்.

அந்தக் கொட்டாய்க்கு பஸ் கிடையாது. மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வாயாக விளங்கும் சின்னம்மாள் அன்று வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ஓட்டுக்கு வர்றவங்கல்லாம் வண்டி வுடறேன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. நீ புதுசா என்னா சொல்லப்போற?"

இந்தப் பக்கத்தில் வண்டி என்றால் பஸ்தான். வேறு எதற்கும் அந்த மரியாதை கிடையாது. பாஞ்சாலிக்கு அப்போது தலைநிறையக் குண்டுமல்லி. சுற்றிலும் கூட்டம். ஒரு வேகம் வந்துவிட்டது. கொண்டையிலிருந்த சரத்தைப் பிடுங்கி எறிந்து, "இந்தக் கொட்டாய்க்கு வண்டி வர்ற வரைக்கும் என் தலையில பூ ஏறாது!" என்றாள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? விசில் பறந்தது. சின்னம்மாள் குலவை போட்டாள். ஓட்டு மொத்தமாக விழுந்தது. சென்னப்பன் முகம் மட்டும் அன்றைக்கே விழுந்துவிட்டது.

ஜெயித்தது அவள், நாற்காலியில் உட்கார்ந்தது அவன். ஊர் அவனைத் தலைவர் என்றது. உண்மையான தலைவியை, கொஞ்சமும் கூச்சமில்லாமல், தலைவரூட்டம்மா, அதாவது தலைவர் வீட்டம்மா, என்றது. கூடையும் கையுமாகப் பூப்பறித்துக்கொண்டிருப்பாள். வரப்பில் நின்றபடியே அவன் காகிதத்தை நீட்டுவான். "இங்க ஒரு கையெழுத்து." போடுவாள். "இங்க ஒண்ணு." போடுவாள். பத்தாவது வரை படித்தவள்தான். ஆனால் ஒரு காகிதத்தையும் படித்துப் பார்த்ததில்லை. புருஷன் நீட்டுவதைப் படித்துப் பார்த்தால் சந்தேகப்பட்டது போல ஆகிவிடாதா?

கொட்டாய்க்கு பஸ் கேட்டு அவனும் மனுமேல் மனுவாக எழுதினான். குறை சொல்லக்கூடாது, அந்த வெறுங்கொண்டை அவனைத்தான் அதிகம் வதைத்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வந்தது: கொட்டாயில் பேருந்து திரும்ப இடவசதி இல்லை. பதவிக்காலமும் தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் சில மாதம் போனால் தலைவர் என்ற பெயரும் போய்விடும், பூவும் சாகிறவரை கிடையாது.

இப்படியிருக்கும்போதுதான் தருமபுரியிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளாட்சித் தலைவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியாம். சென்னப்பன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு முன்னே நடந்தான். கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே என்று பாஞ்சாலி பின்னே நடந்தாள்.

வாசலில் உமைரா நின்றுகொண்டிருந்தாள். தருமபுரி டவுன் பெண், கம்ப்யூட்டர் படித்தவள், பயிற்சி கொடுக்கப்போகிறவளும் அவள்தான்.

"மொரசனஅள்ளித் தலைவருங்களா?"

"நான்தாங்க" என்றான் சென்னப்பன்.

உமைரா கையிலிருந்த தாளைப் பார்த்தாள், அவன் மீசையைப் பார்த்தாள். "பாஞ்சாலின்னு போட்டிருக்குதுங்களே. உங்க பேருங்களா சார்?"

வரிசையே சிரித்தது. தலைவர்கள் மட்டும்தான் உள்ளே என்று உமைரா கறாராகச் சொல்லிவிட்டாள். எதிரே டீக்கடையில் ஏற்கெனவே ஏழெட்டு வெள்ளைச் சட்டைகள் சோகமாக டீ குடித்துக்கொண்டிருந்தன. சென்னப்பனும் போய் அந்தச் சங்கத்தில் சேர்ந்துகொண்டான்.

உள்ளே ஒரே கும்மாளம். போனில் ஒரு செயலி. வாயால் கேட்டால் எழுத்தால் பதில் சொல்லும். வத்தல்மலைப் பக்கத்திலிருந்து வந்த தலைவர் ஒருவர், "எனக்கு அடுத்த தடவையும் சீட்டு கெடைக்குமா?" என்று அதனிடம் கேட்டார். அது ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதியது. "யோவ், இது நம்மள வுடப் பெரிய அரசியல்வாதியா இருக்குதே!" என்று ஒருவர் கத்த, மேஜைகளெல்லாம் தட்டப்பட்டன. இன்னொரு அம்மா தன் சம்பந்தியைத் திட்டி ஒரு கடிதம் கேட்டாள். அது சம்பந்தியிடம் அன்பாக இருக்கச் சொல்லி அறிவுரை கொடுத்தது. "இதுவும் அவங்க பக்கந்தான்" என்று அந்த அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"சிரிச்சது போதுங்க, இத மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள் உமைரா. "இது உங்க ஆபீஸுக்குப் புதுசா வந்த வெளியூரு கிளார்க்கு மாதிரி. எழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா உங்க ஊரு அதுக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்லவும் தெரியாது. தெரிஞ்ச மாதிரியே எழுதிடும். அதனால அது எழுதுனதப் படிக்காம யாரும் கையெழுத்துப் போடாதீங்க. கேளுங்க, படிங்க, அப்புறம் போடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். பாஞ்சாலியும் ஆட்டினாள். கோயில் மாடும் ஆட்டும்தான்.

அவள் முறை வந்தது. போனை வாயருகே வைத்து, கூச்சத்தோடு, "நான் மொரசனஅள்ளி பஞ்சாயத்துத் தலைவர் பேசறேங்க" என்றாள். திரையில் எழுத்து மலர்ந்தது. 'வணக்கம், மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! தங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?'

பாஞ்சாலிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலரை வருஷத்தில் அவளைத் தலைவர் என்று கூப்பிட்ட முதல் ஜீவன் அது. ஜீவன் இல்லை என்று உமைரா சொன்னாள். இல்லாவிட்டால் என்ன, கூப்பிட்டதே! அந்த ஒரு சொல்லில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மனசில் இருந்ததையெல்லாம் மடைதிறந்த மாதிரி கொட்டினாள்.

"எங்க மாதையன் கொட்டாய்க்கு வண்டி வரணுங்க. அறுபது குடி இருக்குது. பாவம், தெனம் மூணு கிலோமீட்டர் நடந்தே போவுதுங்க, நடந்தே வருதுங்க. வெயில்ல காயுதுங்க, மழையில நனையுதுங்க. மாசமா இருக்கறதுங்க பாதி வழியிலயே உக்காந்துக்குதுங்க. போன மாசம் ஒண்ணு புளியமரத்தடியிலயே பெத்துடுச்சு. நல்லா வெயிட்டா இங்கிலீஷ்ல எழுதிக் குடு சாமி!"

பிள்ளைகளையும், பாவப்பட்டவர்களையும் பாசமாகப் பேசும்போது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு 'வருதுங்க, போவுதுங்க' தான் வாயில் வரும். யாரைப் பற்றிப் பேச்சு என்று தனியாகச் சொல்லவும் மாட்டார்கள். கேட்கிறவனுக்குத் தெரியாதா என்ன? கேட்டுக்கொண்டிருந்ததோ வெளியூர் கிளார்க்கு.

கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பக்க இங்கிலீஷ் கடிதம் வந்து விழுந்தது. கடிதத்தின் தலையில் 'ரெஸ்பெக்டட் சார்', அடியில் 'பாஞ்சாலி, பிரசிடென்ட்'. அந்த இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். நடுவில் இருந்ததை அழகு பார்த்தாள். தாளில் அச்செடுத்துக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டாள்.

"படிச்சுப் பாத்தீங்களாக்கா?" என்று உமைரா கேட்டாள்.

"படிச்சேன் பாப்பா." பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதியாவது உண்மையாக இருந்திருக்கும்.

கடிதம் அன்றைக்கே மனுப்பெட்டியில் விழுந்தது. அதில் இருந்ததை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. திரு. மாதையன் அவர்களின் மாட்டுக் கொட்டகையில் அறுபது உருப்படிகள் உள்ளன. அவை தினமும் மூன்று கிலோமீட்டர் நடத்திச் செல்லப்படுகின்றன. வெயிலிலும் மழையிலும் வாடுகின்றன. சினையாக உள்ளவை பாதி வழியில் படுத்துவிடுகின்றன. சென்ற மாதம் ஒன்று புளியமரத்தடியில் ஈன்றுவிட்டது. ஆகவே கொட்டகைக்கு உரிய வாகனத்தை உடனே அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இலக்கணத்தில் ஒரு பிழை சொல்ல முடியாது.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. ஒரு பெண்குரல். "மொரசனஅள்ளித் தலைவருங்களா? நீங்க கேட்ட வண்டி நாளைக்குக் காலைல மாதையன் கொட்டாய்க்கு வருதுங்க."

பாஞ்சாலி பூக்கூடையைக் கீழே போட்டாள். "நெசமாவாங்க?"

"வருதுங்க. எல்லாத்தையும் ஒரே எடத்துல நிறுத்தி வையுங்க. அங்க இங்க மேய வுட்டுடாதீங்க."

"வுடமாட்டேங்க! நானே நிக்க வெக்கறேன்!"

"கயிறு இருக்கட்டும். முட்டித் தள்ளிடும், பாருங்க."

"ஆமாங்க, மொத வண்டியில்லீங்களா, முட்டத்தான் முட்டுவாங்க" என்றாள் பாஞ்சாலி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. எவ்வளவு விவரமான அதிகாரி, கூட்டத்துக்குக் கயிறு கட்டுவதைக்கூட யோசிக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

சென்னப்பன் நம்பவில்லை. "நான் எத்தன மனு எழுதியிருக்கறேன். போனு எழுதுன ஒரே மனுவுக்கு வண்டி வந்துடுமா?" என்றான். ஆனாலும் தோட்டத்தில் இறங்கி, மொட்டு மொட்டாகப் பார்த்துக் குண்டுமல்லி பறித்து, ஒரு முழம் கட்டச்சொல்லி ஈரத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் மாதையன் கொட்டாய் பண்டிகை கண்டது. பம்பை வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையோடு கயிற்றுக்குப் பின்னால் நின்றன. சின்னம்மாள் பட்டுச்சேலை கட்டி, சுருக்குப்பையில் வெற்றிலையோடு டிக்கெட்டுக் காசையும் முடிந்துகொண்டு வந்தாள். பஸ்ஸின் முகத்துக்குப் போட ஆளுயரச் சாமந்தி மாலை, டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழம், உடைக்கத் தேங்காய்.

மண் ரோட்டின் கோடியில் புழுதி எழும்பியது. "வருதுடோய்!" என்று ஒரு குரல். பம்பை முழங்கியது. வெள்ளை வெளேரென்று, நீளமாக, பக்கவாட்டில் ஏதோ எழுதிய ஒரு வண்டி ஆடி ஆடி வந்து நின்றது. எழுத்தைப் படிக்க யாருக்கு நேரம்? எலுமிச்சை நசுங்கியது, தேங்காய் சிதறியது, மாலை ஏறியது. கயிற்றைத் தாண்டிப் பிள்ளைகள் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தன. "சீட்டு இல்ல, பெரிய கட்டிலு இருக்குது!" என்று உள்ளிருந்து ஒரு கூச்சல். "படுத்துனே போலாம்!"

சின்னம்மாள் டிரைவர் ஜன்னலில் காசை நீட்டினாள். "பென்னாகரம் ரெண்டு குடுப்பா."

டிரைவர் சவுரியப்பன் மாலைக்கு நடுவிலிருந்து திருதிருவென்று விழித்தார். "அம்மா, இது மாட்டு வண்டிங்க."

"மாட்டு வண்டியா? மாடு எங்க?"

"அதத்தாங்க நானும் கேக்கறேன்."

மறுபக்கத்துக் கதவு திறந்து, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு கால்நடை மருத்துவர் நிர்மலாதேவி இறங்கினார். கையில் பாஞ்சாலியின் கடிதம். பம்பைக்காரர்களைப் பார்த்தார், பட்டுச்சேலைகளைப் பார்த்தார். இவ்வளவு மரியாதை அவருடைய சர்வீஸில் நடந்திருக்காது. "மாடுங்க எல்லாம் எங்கங்க? சரி, மொதல்ல அவசரமானதப் பாக்கலாம். போன மாசம் புளியமரத்தடியில கன்னு போட்டது எதுங்க?"

கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு சின்னம்மாளின் மருமகள், இடுப்பில் குழந்தையோடு, வெட்கப்பட்டுக்கொண்டே முன்னால் வந்தாள். "நான்தாங்க டாக்டரம்மா."

நிர்மலாதேவி அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். "அய்யய்யோ" என்றார்.

அவர் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லக் கொட்டாய் விழுந்து விழுந்து சிரித்தது. பம்பைக்காரன் பம்பைமேலேயே சாய்ந்துவிட்டான். "யக்கா, நீ சினையா, சாதாவா?" என்று பெண்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். சின்னம்மாள், "என்னைய எத்தன லிட்டரு கறக்கும்னு எழுதியிருக்குது, அதையும் படிங்க" என்றாள். சிரிக்காமல் நின்றவள் பாஞ்சாலி ஒருத்திதான். அவளுக்கு மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?" என்று டாக்டர் கேட்டார்.

"கையெழுத்து என்னுதுதாங்க. படிக்காம போட்டுட்டேன்."

சென்னப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "படிக்காம போட்டாளாம்! எவனோ முன்ன பின்ன தெரியாதவன் எழுதுனதுல, படிக்காம போட்டாளாம்!"

"நீங்க நீட்டுனதுலயும் அப்பிடித்தான போட்டேன், இத்தன வருசமா" என்றாள் பாஞ்சாலி. கோபமாகச் சொல்லவில்லை, அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "அதுவும் உங்கள மாதிரிதாங்க. கேட்டா உடனே எழுதிடும். ஒரு வார்த்த, தெரியலன்னு சொல்லாது. ரெண்டு பேரு எழுதுனதயும் நான்தான் படிச்சிருக்கணும்."

கொட்டாய்ப் பெண்கள் இப்போது சென்னப்பனைப் பார்த்துச் சிரித்தார்கள். சமாளிக்க வேண்டுமே, சட்டைப் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ என்னா சொன்ன? கொட்டாய்க்கு வண்டி வரணும்னு சொன்ன. பஸ்ஸுன்னா சொன்ன? இதுவும் வண்டிதான், இதுவும் கொட்டாய்தான். வெச்சுக்க பூவ. தீந்துது."

நல்ல பாயிண்ட்தான். கூட்டமே பாஞ்சாலியைப் பார்த்தது. ஈரத்துணிக்குள்ளிருந்து குண்டுமல்லி மணம் வந்து மூக்கில் ஏறியது. நாலரை வருஷத்து ஆசை. யாரும் குறை சொல்லப்போவதில்லை. சின்னம்மாளே, "பரவால்ல தாயி, வெச்சுக்க" என்றுகூடச் சொல்லிவிட்டாள். பாஞ்சாலி கயிற்றுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். வந்த வண்டி போய்விட்டால் அவை இன்றைக்கும் நடந்துதான் போகவேண்டும்.

"வேணாங்க" என்றாள். "என் மனசுக்கு இது வண்டி இல்ல."

டாக்டர் சும்மா திரும்பிப் போகவில்லை. வந்ததுக்கு இருக்கட்டும் என்று கொட்டாயில் நிஜமாகவே இருந்த மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார். பஸ்ஸுக்கு வைத்திருந்த குங்குமம் மாடுகளின் நெற்றிக்குப் போயிற்று. கிளம்பும்போது சவுரியப்பன் மாரியம்மன் கோயில் முன்னால் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஒரே மூச்சில் ஒடித்துத் திருப்பி நிறுத்தினார்.

பாஞ்சாலி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பித்துப் பிடித்தவள் மாதிரி ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே கையை விரித்தாள். "அண்ணா! இந்த வண்டி பெருசா, மினி பஸ் பெருசாங்க?"

"இதுக்கும் அதுக்கும் நீளம் ஒண்ணுதாம்மா. சொல்லப்போனா இது ஒரு கை கூட இருக்கும்."

"அப்ப திரும்ப எடம் இருக்குது!" பாஞ்சாலி குதித்தாள். ஊராட்சித் தலைவர் ஒருவர் நடுரோட்டில் அப்படிக் குதிக்கக்கூடாதுதான். "அண்ணா, இன்னொருக்கா திருப்புங்க. நான் போன்ல புடிக்கறேன்!"

சவுரியப்பனுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. மாலையும் கழுத்துமாக அந்த வண்டி மாரியம்மனுக்கு முன்னால் போய்த் திரும்பியது, மறுபடி போய்த் திரும்பியது. பம்பைக்காரன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அடித்தான். ஒவ்வொரு தடவையும் கொட்டாயே கைதட்டியது. டாக்டர் நிர்மலாதேவி, வண்டி வந்ததும் திரும்பியதும் உண்மை என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாஞ்சாலி அதைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினாள்.

அன்று சாயந்திரம் வீட்டில் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கொட்டாய்னா மாடு கட்டற எடம் இல்ல. அது ஊரு. மனுசருங்க இருக்கற ஊரு. வண்டின்னா பஸ்ஸு. நான் போவுதுங்கன்னு சொன்னது எங்க புள்ளைங்கள" என்று அதற்குப் பாடம் எடுத்தாள். அது மன்னிப்புக் கேட்டது. விளக்கியதற்கு நன்றி சொன்னது. மறுபடி மன்னிப்புக் கேட்டது.

"பாருங்க, நீங்க ஆயுசுக்கும் கேக்காத மன்னிப்ப இது நிமிசத்துக்கு ஒருக்கா கேக்குது" என்றாள்.

"மன்னிப்பு கேட்டா ஆச்சா? சோறு போடுமா?" என்றான் சென்னப்பன். ஆனால் குரலில் பழைய வீறாப்பு இல்லை.

இந்தத் தடவை தமிழிலேயே எழுதச் சொன்னாள். எழுதியது. வரிவரியாகப் படித்தாள். ரோடு தார் ரோடு என்று அதுவாகவே சேர்த்திருந்தது; அடிக்கச் சொன்னாள். கொட்டாயில் பள்ளிக்கூடம் இருப்பதாக ஒன்றைக் கட்டிவிட்டிருந்தது. அதையும் அடிக்கச் சொன்னாள். "நேரமாவுது, போட்டுத் தொலையேன் கையெழுத்த" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டுச் சென்னப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இருங்க, படிக்கறேன்" என்றாள் பாஞ்சாலி. அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. அவன் எழுந்து போய்க் கிளறினான்.

திங்கட்கிழமை மனு நாளில் இரண்டு பேரும் போனார்கள். "யாருங்க தலைவர்?" என்று மேஜைக்குப் பின்னாலிருந்து கேட்டபோது சென்னப்பனின் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்த வாயை மூடி, விழுங்கி, "இவங்கதாங்க" என்று மனைவியை முன்னே தள்ளினான். அவள் பேசினாள், வீடியோவைக் காட்டினாள். மாலை போட்ட மாட்டாஸ்பத்திரி வண்டி பம்பைக்குத் தக்கபடி திரும்புவதைப் பார்த்து மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆள் வந்து அளந்தார்கள். புளியமரத்தின் ஒரு கிளையை வெட்டச் சொன்னார்கள். பதவிக்காலம் முடிவதற்குச் சில வாரம் இருக்கும்போது மினி பஸ்ஸுக்கு உத்தரவாகிவிட்டது.

மறுபடியும் பம்பை. மறுபடியும் எலுமிச்சம்பழம். "இந்தத் தடவ என்னா வருதோ, ஒட்டகத்துக்கு ஊசி போடறவங்களோ" என்று சின்னம்மாள் கேலி பேசினாலும் பட்டுச்சேலை கட்ட மறக்கவில்லை. வந்தது பஸ்ஸேதான். சீட்டு வைத்த பஸ். கண்டக்டர் வைத்த பஸ். கொட்டாய் போட்ட கூச்சலில் கோயில் மணியே ஆடியிருக்கும். சென்னப்பன் பையிலிருந்து பூவை எடுத்துப் பிரித்தான். "இப்பவாவது திரும்பு."

பாஞ்சாலி திரும்பவில்லை. பஸ்ஸின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே புதுப் பெயின்டில், கொட்டை எழுத்தில், 'பென்னாகரம் – மாதையன் கொட்டகை' என்று எழுதியிருந்தது. பழைய கடிதம் எந்த ஃபைலில் தொத்திக்கொண்டு போயிற்றோ!

"நாங்க மாடுங்க இல்லீங்க" என்று கண்டக்டரிடம் சொன்னாள். "போர்ட மாத்துனாத்தான் பூ."

"அடிப்பாவி, ஒரு எழுத்துக்காகவா!" என்று சென்னப்பன் தலையில் கைவைத்தான். சுற்றிலும் பார்த்தான். சின்னம்மாளின் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவைப் பிடுங்கினான். வெள்ளைச் சட்டையோடு பஸ்ஸின் பம்பர்மேல் ஏறினான். "சொல்லு, என்னா பண்ணணும்?"

"அந்தக் கைய எடுங்க. ஒரு காலப் போடுங்க. பக்கத்துல ஒரு ய், மேல புள்ளி."

கையைச் சுரண்டி எடுத்தான். சுண்ணாம்பைத் தொட்டுக் காலைப் போட்டான், ய் போட்டான், புள்ளி வைத்தான். மீசையெல்லாம் வெள்ளை. பம்பரில் நின்றபடியே திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்க, "படிச்சுப் பாரு" என்றான். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்லு, சரியா இருக்குதான்னு."

பாஞ்சாலி ஓரடி முன்னே வந்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு அவன் பக்கம் கொண்டையைக் காட்டித் திரும்பி நின்றாள். அவன் சுண்ணாம்புக் கையோடேயே பூவை வைத்தான். சின்னம்மாள் போட்ட குலவையில் பஸ் ஹாரனே அடங்கிப்போனது.

முதல் டிரிப்பில் எல்லோரும் ஏறினார்கள். ஏற முடியாதவர்கள் தொங்கினார்கள். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் யாரும் உச்சுக்கொட்டவில்லை. குண்டுமல்லியும் சுண்ணாம்புமாகக் கொண்டை வைத்த ஒரு பெண் படியில் நிற்பதை வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான். முன்கதவு வழியாக இறங்கிய சென்னப்பன் மட்டும் பழக்கதோஷத்தில் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டான்.

"தலைவரே! எறங்குங்க, பென்னாகரம் வந்துடுச்சு!"